சரிக்கும் சாரிக்கும் நடுவில்

பஸ் மெயின்கார்டு கேட்டைத் தாண்டுவதற்குள் ஞானப்பிரகாசம் அந்த மெசேஜை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தார் என்று அவருக்கே கணக்கு விட்டுப்போயிற்று. அப்படி என்ன பெரிய புராணமா எழுதியிருக்கிறது அதில்? ஒற்றை வார்த்தை. சாரி. இங்கிலீஷ் எழுத்தில், முதல் எழுத்து மட்டும் பெரிதாக, கடைசியில் ஒரு புள்ளிகூட வைக்காமல். அனுப்பியவள் ரெஜினா, அவருடைய மனைவி, கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆயிற்று. அவள் அனுப்பிய பழைய மெசேஜ்களைத் தள்ளிக்கொண்டே போனால் பால், வாங்க, ம், கரண்ட் போச்சு, இதற்கு மேல் ஒன்றும் இருக்காது. நடுநடுவே ஓசூரில் இருக்கும் மகள் ஷீலா அனுப்புகிற மாதா படங்களை அப்படியே இவருக்குத் தள்ளிவிட்டிருப்பாள், அவ்வளவுதான். அந்த வரிசையில் இந்த சாரி எங்கிருந்து வந்து உட்கார்ந்தது? மூன்று மணி வாக்கில் வந்திருக்கிறது. அவர் வகுப்பில் இருந்தார், போனை ஊமையாக்கி மேஜை டிராயரில் போட்டிருந்தார், வகுப்பு விட்டு நாலரைக்கு எடுத்துப் பார்த்தபோது அது அங்கே இருந்தது. உடனே கூப்பிட்டார். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, கடைசியில் ஒரு பெண்குரல் வந்து, நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் பதிலளிக்கவில்லை என்று நல்ல தமிழில் சொல்லிற்று. வாடிக்கையாளராம். மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் அதே மரியாதை. ஐந்து மணிக்குப் புது பேட்ச், மாடிப்படி முழுக்கச் செருப்பு, பையன்களும் பெண்களும் புது நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் போய், சாரி, இன்னைக்கு கிளாஸ் இல்ல என்று சொல்ல வாயைத் திறந்தவருக்கு அந்த முதல் வார்த்தை வரவே இல்லை. கையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்த கே.கே.நகர் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார்.

காலையில்தான் அது நடந்தது. நடந்தது என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் இப்போது உறுத்துகிறது. அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு, "ஏங்க, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. இன்னைக்கு போகாம இருங்களேன்" என்றாள். "ஒரு மாதிரின்னா?" "ஒரு மாதிரிதான்." "ஒரு மாதிரின்னா எந்த மாதிரி? தலை சுத்துதா, வயித்த வலிக்குதா, காய்ச்சலா? வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்?" அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள், நிஜமாகவே யோசித்தாள், வார்த்தையைத் தேடினாள், பாவி மனிதன் அதைப் பார்த்துக்கொண்டேதான் சீப்பை எடுத்துத் தலை வாரினார். பிறகு, "ஒண்ணுமில்ல, நீங்க கெளம்புங்க" என்று உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான். சண்டையா? இல்லை. குரல் உயர்ந்ததா? அதுவும் இல்லை. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லையே, மத்தியான வகுப்பில் அதையே எடுத்து உதாரணமாக்கியிருக்கிறார். தமிழில் நினைத்து இங்கிலீஷில் பேசக் கூடாது என்பதற்கு உதாரணம். எனக்கு ஒரு மாதிரியா இருக்கு என்பதை அப்படியே மொழிபெயர்த்தால் என்ன வரும், டு மீ ஒன் மாடல் இஸ் தேர். வகுப்பே கொல்லென்று சிரித்தது. முன் பெஞ்சில் ஒரு பெண் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது, சாக்பீஸ் கையோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எத்தனை மணிக்குச் சிரித்தார்? இரண்டரையா, மூன்றா? அவர் சிரித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான் அவள் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடி அமுக்கியிருப்பாளோ? சேசுவே, அப்படி இருக்கக் கூடாது. அப்படி இருக்கக் கூடாது என்று இரண்டு தடவை மனதுக்குள் சொன்னார், சொல்லச் சொல்ல அப்படித்தான் இருக்கும் என்று உறுதியாயிற்று. பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது.

சாரி. முப்பது வருஷமாகப் பேச்சு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற மனிதருக்கு இந்த வார்த்தையைப் பற்றித் தெரியாததா? புது பேட்ச் வந்தால் இரண்டாம் நாள் பாடமே இதுதான். சாரி, தேங்க்யூ, ப்ளீஸ், இந்த மூன்றும் இல்லாமல் இங்கிலீஷ்காரன் தெருமுனை வரைகூடப் போகமாட்டான் என்பார். சாரி எங்கே பிறந்தது தெரியுமா என்று கேட்பார். சாரோ என்கிற துக்கத்திலிருந்து வந்ததுதானே சார் என்று எவனாவது ஒருவன் சொல்வான், சொல்வதற்காகவே காத்திருந்து பிடிப்பார். இல்லை தம்பி, சாரோ வேற, சாரி வேற. சாரோவுக்கு ஆதியிலே கவலைன்னு அர்த்தம். சாரி வந்தது சோர்ங்கிற வார்த்தையிலேருந்து, சோர்னா புண்ணு, ரணம், தொட்டா வலிக்கிற எடம். ரெண்டும் அக்கா தங்கச்சி கெடையாது, பக்கத்துப் பக்கத்து வீட்டுல ரொம்ப நாள் குடியிருந்து மூஞ்சி ஒண்ணா ஆயிடுச்சு, புருஷன் பொண்டாட்டிக்கு ஆகுற மாதிரி. இங்கே வகுப்பு சிரிக்கும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால ஒருத்தன் நான் சாரியா இருக்கேன்னு சொன்னா, மன்னிச்சுக்கோன்னு அர்த்தமில்ல. எனக்கு வலிக்குதுன்னு அர்த்தம். நம்ம ஆளு என்ன சொல்றான், மன்னிச்சுக்கோ. அதாவது வேலைய எதிராளி தலையில கட்டறான், நீ மன்னி, நீ பெரிய மனசு பண்ணு. இங்கிலீஷ்காரன் தன் கணக்க மட்டும் சொல்றான், உள்ளே புண்ணா இருக்கு. இப்படி முடிப்பார். நன்றாகத்தான் முடிப்பார், பையன்கள் எழுதிக்கொள்வார்கள், அவருக்கும் ஒரு திருப்தி. அதற்குப் பிறகு பயன்பாட்டுக்கு வருவார். இடித்துவிட்டால் சாரி, காதில் விழாவிட்டால் வாலை மேலே தூக்கி சாரி?, கேவலமாக இருக்கிற நிலைமைக்கு சாரி ஸ்டேட், துக்க வீட்டில் ஐ ஆம் சாரி. துக்க வீடு. இந்த இடத்தில் எப்போதும் வேகமாகத் தாண்டிவிடுவார். இன்றைக்குத் தாண்ட முடியவில்லை. உள்ளே புண்ணா இருக்கு, எனக்கு வலிக்குது, அப்படித்தான் எழுதியிருக்கிறாளா? அவளுக்கு அந்த அர்த்தமெல்லாம் தெரியாதே, இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவளிடம் இதைச் சொன்னதில்லையே. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார், வீட்டில் இருக்கிறவளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்.

வீட்டில் அந்த வார்த்தைக்கு வேலையே இல்லை, அதுதான் விஷயம். அது ரெஜினா போட்ட சட்டம். கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவருடைய வெள்ளைச் சட்டையைச் சாயம்போகும் புடவையோடு ஊறப்போட்டு ரோஸ் நிறமாக்கிவிட்டாள். இவர் விளையாட்டாக, சாரி சொல்லு என்றார். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "சாரியெல்லாம் வெளியாளுக்குங்க. வீட்டு மனுஷங்களுக்குள்ள என்ன சாரி? கால் பட்டா தொட்டு முத்திக்கிறோம், முடிஞ்சுது. வேணும்னா சொல்லுங்க, வேற சட்ட வாங்கித் தர்றேன்." அதோடு சரி. அதற்குப் பிறகு எவ்வளவோ நடந்திருக்கிறது. அவள் செய்ததும் உண்டு, இவர் செய்தது அதைவிட உண்டு, மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத மனஸ்தாபங்களும் உண்டு. ஒரு நாளும் அந்த வார்த்தை அவள் வாயில் வந்ததில்லை. கோபம் தீர்ந்ததற்கு அடையாளமாகத் தட்டில் இரண்டு துண்டு மீன் கூடுதலாக விழும். இவர் பங்குக்குப் பூ வாங்கி வந்து ஃப்ரிட்ஜின் மேல் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி பேப்பரைப் பிரித்துக்கொள்வார். வெளியாளுக்குத்தான் சாரி. அப்படியானால் இன்றைக்கு மூன்று மணிக்கு அவர் வெளியாள் ஆகிவிட்டாரா? பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியவள் வாசலில் நின்று அனுப்பியதா? எங்கே போவாள், அண்ணன் வீட்டுக்கா, அண்ணன் செத்துத்தான் போயாயிற்றே. மகளிடமா? ஷீலாவைக் கூப்பிட்டுப் பார்க்கலாம். கூப்பிட்டு என்னவென்று கேட்பது, உங்கம்மா எங்கே என்றா? அவள் அங்கிருந்து அலற ஆரம்பித்துவிடுவாள். அப்படியே கிளம்பியிருந்தால்கூடத் தேவலையே. கிளம்புவதென்றால் நடக்க வேண்டும், நடக்கிறாள் என்றால் உயிரோடு இருக்கிறாள். இதை நினைத்த மாத்திரத்தில் ஞானப்பிரகாசத்துக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. என்ன நினைப்பு இது, எங்கேயிருந்து வந்தது, யார் நினைக்கச் சொன்னார்கள்? ஆனால் வந்துவிட்டது, வந்தது போகவும் இல்லை. அடுப்படித் தரை, கவிழ்ந்து கிடக்கிற ஒரு உருவம், எட்டாத தூரத்தில் வெளிச்சம் போட்டு வெளிச்சம் போட்டு அணைகிற போன். அவர் கூப்பிடக் கூப்பிட அது அங்கே ஆள் இல்லாத வீட்டில் அடித்துக்கொண்டே இருக்கிறது. கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

மரக்கடை ஸ்டாப்பில் கூட்டம் ஏறியது. கத்திரிக்காய்ப் பையோடு ஒரு அம்மாள் உள்ளே தள்ளிக்கொண்டு வந்தாள். அவளுக்கு வழிவிட ஒதுங்கிய ஒருவர் ஞானப்பிரகாசத்தின் காலை நன்றாக மிதித்துவிட்டு, "சாரி சார்" என்றார். "என்ன சொன்னீங்க?" என்று இவர் திடுக்கிட்டுக் கேட்ட விதத்தில் அந்த மனிதர் பயந்தேபோனார். "இல்ல சார், கால மிதிச்சுட்டேன், அதான் சாரின்னேன்." "ஆங், பரவால்ல, பரவால்ல." "கண்ணெல்லாம் செவந்திருக்கே சார், ரொம்ப பட்டுடுச்சா?" "இல்லைங்க." பக்கத்தில் வந்து நின்ற கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்து, "பஸ்ஸுன்னா அப்படி இப்படி மிதிக்கத்தான் சார் செய்வாங்க, டிக்கெட் எடுத்தீங்களா?" என்றார். எடுத்திருந்தார். அதைத் தேடிக் காட்டினார். பாரேன், எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான் அந்த மனிதன். சொன்னான், போனான், கம்பியைப் பிடித்துக்கொண்டு இப்போது கொட்டாவி விடுகிறான். ஒரு நாளைக்கு எத்தனை சாரி இந்த ஊரில், சில்லறை இல்ல சாரி, ராங் நம்பர் சாரி, லேட்டாயிடுச்சு சாரி, ஒரு மூட்டை சாரி அள்ளலாம் ஒரு பஸ்ஸுக்குள். எல்லாம் உமி. நெல்லே இல்லாத உமி. தன்னைப் போன்ற வாத்தியார்கள்தான் இதை ஊர் பூரா விதைத்தவர்கள். விதைத்தவனைத் தேடி ஒன்றே ஒன்று முழு நெல்லாக வந்திருக்கிறது, அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. இவ்வளவு வயதில் பட்டப்பகலில் ஒரு வார்த்தைக்குப் பயந்து உட்கார்ந்திருப்பது வெட்கமாக இருந்தது, ஆனால் வெட்கத்தால் பயம் ஒரு இம்மிகூடக் குறையவில்லை.

பாலக்கரைக்கு முன்னால் பஸ் நின்றது. நின்றது நின்றதுதான். முன்னால் ஏதோ லாரி குறுக்கே. இன்ஜினை அணைத்துவிட்டார் டிரைவர். அந்தத் திடீர் அமைதியில்தான் அவருக்கு அது தோன்றிற்று, தோன்றிய வேகத்தில் சீட்டை விட்டே எழுந்துவிட்டார். சரி! சரி என்று அடித்திருப்பாள்! அட மடையா, முப்பது வருஷ வாத்தியாரே! அவர் மத்தியானம் இரண்டு மணிக்கு, இன்னைக்கு வர லேட் ஆகும் என்று போட்டிருந்தார். அதற்குப் பதில் சரி. சரி என்பதை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருப்பாள், இந்தப் போன் இருக்கிறதே, தானே பெரிய மேதாவி என்று நினைத்துக்கொண்டு எல்லா வார்த்தையையும் திருத்தும், அது திருத்தி சாரியாக்கிவிட்டது! ஷீலாகூட ஒரு தடவை இப்படித்தான் எதையோ அடிக்கப்போய் எதுவோ வந்து சிரித்துச் சிரித்து மாய்ந்தோமே. சரி, சாரி. தமிழில் எழுதிப் பார், ஒரு துணைக்கால்தானே வித்தியாசம்? ஒரே ஒரு கால், அவ்வளவுதான். இதற்குப் போய் உயிரை விட்டோமே. சிரிப்பு வந்தது, நிஜமாகவே சிரித்தார், கத்திரிக்காய் அம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எதற்கும் சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று தன் போனில், தனக்கே அனுப்பிக்கொள்கிற மாதிரி, எஸ் ஏ ஆர் ஐ என்று அடித்தார். போன் அதைத் தொடவில்லை. அப்படியே விட்டுவிட்டது. மறுபடி அடித்தார். தொடவில்லை. ஏன்? ஏனென்றால் அது இங்கிலீஷில் ஏற்கெனவே இருக்கிற வார்த்தை, புடவைக்கு அவன் வைத்திருக்கிற பெயர், சரியான வார்த்தையைப் போன் ஏன் திருத்தும்? ஏயை எடுத்துவிட்டு ஈ போட்டார், அது வேறெதுவோ ஆயிற்று, சாரி ஆகவில்லை. இரண்டு ஆர் போட்டார். ஆயிற்று! சாரி ஆயிற்று! அப்படியானால் அவள் இரண்டு ஆர் போட்டிருக்க வேண்டும், விரல் வழுக்கி இரண்டு தடவை பட்டிருக்க வேண்டும். பட்டிருக்கலாம். ஏன் படக் கூடாது? அவள் எழுத்து எப்போதும் அப்படித்தானே? பழைய மெசேஜ்களில் எங்காவது சரி என்று அடித்திருக்கிறாளா என்று மேலே மேலே தள்ளினார். பால், வாங்க, மாதா, ம், மாதா, கரண்ட் போச்சு, ம். சரி என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் ம் என்றுதான் போட்டிருக்கிறாள். ஒரு இடத்தில்கூட சரி இல்லை. அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

இந்த சரியை நம்பக் கூடாது என்று அவருக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். அப்பா லாரி ஆபீசில் மூட்டை தூக்கியவர். ஒரு நாள் மூட்டையோடு குப்புற விழுந்து, ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்தார்கள். கடைசி நாள் மதியம் வராந்தாவில் வீட்டு ஆட்களென்று அம்மாவும் இவரும் மட்டும். அப்போது இவர் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஒரு இளவயது டாக்டர் வந்தார், வடக்கேயிருந்து வந்தவர், தமிழ் தெரியாது, நல்ல மனிதர், முகம் வேர்த்திருந்தது. அம்மாவைப் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டு, "சாரி, அம்மா" என்றார். அந்த ஊர் உச்சரிப்பில், சுருக்கி, அவசரமாக. சொல்லிவிட்டு அம்மாவின் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா முகம் மலர்ந்ததே, அதை எங்கே போய்ச் சொல்வது? "கேட்டியாடா பிரகாசம், சரியாப்போச்சுங்கறாரு. சரின்னுட்டாருடா. மாதா கண்ணத் தொறந்துட்டா." உடனே பாயைச் சுருட்டினாள். துவைத்து உலர்த்தியிருந்த துண்டை எடுத்து மடித்தாள். ஃபிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்தாள், டம்ளரைப் பையில் போட்டாள், பக்கத்தில் பாய் போட்டிருந்தவளிடம், எங்களுக்கு விடுதல ஆயிடுச்சுக்கா, ஒங்களுக்கும் சீக்கிரம் ஆயிடும் என்று ஆறுதல் வேறு சொன்னாள். குடும்பத்தில் இங்கிலீஷ் தெரிந்தது ஒரே ஆளுக்குத்தான். அந்த ஆள் சுவரோரமாக நின்றுகொண்டு, அம்மா துண்டை மடிக்கிற அழகைப் பார்த்துக்கொண்டே நின்றான். மடித்து முடிக்கட்டும். டம்ளரை வைத்து முடிக்கட்டும். ஜிப்பை இழுக்கட்டும். எவ்வளவு நேரம் ஒரு பெண்பிள்ளையைச் சரியிலேயே வைத்திருக்க முடியுமோ அவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று நின்றான். அப்புறம் சொன்னான். அதுதான் அவர் வாழ்க்கையில் செய்த முதல் மொழிபெயர்ப்பு. அந்த வார்த்தை எங்கே பிறந்தது, எந்தெந்த வீட்டில் குடியிருந்தது என்று பிற்பாடு அகராதி அகராதியாக அவர் தேடிப்போனது படிப்பாசையில் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆசையாவது மண்ணாவது. இருட்டில் தன்னைக் கடித்தது பாம்பா பூச்சியா என்று விளக்கை எடுத்துக்கொண்டு தேடுகிறவன் ஆசையிலா தேடுகிறான்? இப்போது இரண்டு ஆர் போட்டு, ஒரு ஆர் போட்டு, போனை நோண்டி நோண்டிச் சரியாக்கப் பார்க்கிற இந்தக் கிழவன் யார்? அம்மாதான். அதே அம்மாதான், துண்டை மடிக்கிறாள். பக்கத்தில் நின்று மொழிபெயர்த்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

லாரி நகரவில்லை. ஜன்னலுக்கு வெளியே சந்து கிடைத்த இடத்தில் எல்லாம் ஆட்டோக்கள் நுழைந்து நுழைந்து போய்க்கொண்டிருந்தன. "அவசரமா போறவங்க எறங்கி நடந்துக்குங்க, இப்போதைக்கு எடுக்க முடியாது" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். நாலைந்து பேர் இறங்கினார்கள். ஞானப்பிரகாசம் இறங்கவில்லை. இறங்கி ஒரு ஆட்டோவைப் பிடித்தால் கால்மணியில் வீடு. அது அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் உட்கார்ந்திருந்தார். சீக்கிரம் போனால் சீக்கிரம் தெரிந்துவிடும். இந்தப் பஸ் இங்கே நிற்கிற வரைக்கும் வீட்டுக் கதவு இன்னும் திறக்கப்படவில்லை, திறக்காத கதவுக்குப் பின்னால் ரெஜினா சீரியல் பார்த்துக்கொண்டு இருக்கலாம், போனை அரிசி டின் மேல் வைத்து மறந்திருக்கலாம், மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கலாம். கீழ்வீட்டுப் பாக்கியம் அக்காவைக் கூப்பிட்டு ஒரு எட்டு மேலே போய்ப் பார்க்கச் சொல்லலாம்தான். ஆனால் பாக்கியம் அக்காவின் நம்பர் அவரிடம் இல்லை. நானூறு இங்கிலீஷ் வார்த்தைக்குப் பூர்வீகம் தெரியும், கீழ்வீட்டு நம்பர் தெரியாது. நல்ல பிழைப்பு. அதெல்லாம் ரெஜினா பார்த்துக்கொள்வாள் என்று விட்டது. கேஸ்காரன், பால்காரன், கரண்ட் ஆபீஸ், எல்லாம் அவளிடம்தான். ரெஜினாவுக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதைக்கூட ரெஜினாவிடம்தான் கேட்க வேண்டும். அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பி நெஞ்சுக்கு வந்து அங்கேயே தங்கியது. எந்த மாதிரி இருக்கிறது என்று யாராவது இப்போது அவரைக் கேட்டால் என்ன சொல்வார்? அமுக்குகிறதா, எரிகிறதா, குத்துகிறதா? ஒன்றும் இல்லை. ஒரு மாதிரியாக இருந்தது. காலையில் அவள் தேடிய வார்த்தை அவருக்கும் கிடைக்கவில்லை, மாதாவே, கிடைக்கவே இல்லை. எழுந்திரு, இறங்கு, ஓடு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கால் எழவில்லை. முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று உட்கார்ந்திருந்தார்.

போன் அடித்தது. ரெஜினா என்று பெயர் வந்தது. பெயர் வந்தால் போதுமா, அவள் போனிலிருந்து வேறு யாராவது பேசலாம், பாக்கியம் அக்கா, போலீஸ்காரர், யார் வேண்டுமானாலும். பச்சையை நகர்த்தவே இரண்டு தடவை விரல் வழுக்கியது. காதில் வைத்தார். அந்தப் பக்கம் இரைச்சல், யாரோ நம்பர் கூப்பிடுகிறார்கள், ஒரு குழந்தை அழுகிறது. "ஏங்க, கேக்குதா? நாந்தான்." அவள்தான். குரல் கொஞ்சம் தேய்ந்திருந்தது, ஆனால் அவள்தான். "ரெஜினா." "ஏன் இத்தன தடவ கூப்புட்டிருக்கீங்க? ஈசிஜி எடுக்கறப்ப வளையல், செயின், போன் எல்லாத்தையும் கழட்டி வெளிய வைக்கச் சொல்லிட்டாங்க, இப்பத்தான் குடுத்தாங்க." "ஈசிஜியா? எங்க இருக்க நீ?" "நம்ம தெருவுக்குப் பின்னாடி அந்தப் புது ஆஸ்பத்திரிதாங்க. மத்தியானம் கொஞ்சம் அதிகமா இருந்துச்சு. ஆட்டோ வெச்சுக்கிட்டு வந்துட்டேன். பயப்படாதீங்க, ஒண்ணும் பெருசா இல்லயாம், ஆனா இன்னைக்கு இங்கயே படுக்கணும், பெரிய டாக்டர் வந்து பாக்கணுமாம். கூட யாரு வந்திருக்கான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. வருவாருன்னு சொல்லிருக்கேன். நீங்க கிளாஸ முடிச்சிட்டே வாங்க."

"சாரின்னு போட்டியே, அது..." அவருக்கு மூச்சு வாங்கியது. "அது என்னான்னு..."

"சொல்லாமக் கொள்ளாம வந்துட்டேனே, அதுக்குத்தாங்க. காலைலயே சொல்லத் தெரியல, நீங்க கேட்டும் எனக்கு வெவரமா சொல்லத் தெரியல. ஆஸ்பத்திரின்னு போட்டா நீங்க பயந்துருவீங்க. வெரல் வேற ஓடல. அந்த ஒரு வார்த்ததான் எனக்கு எழுதத் தெரிஞ்சுது."

கண்டக்டர் ஏதோ கேட்டார். ஞானப்பிரகாசம் எழுந்து, ஆட்களைத் தள்ளிக்கொண்டு, யார் காலை மிதிக்கிறோம் என்றுகூடப் பார்க்காமல் படிக்கு வந்து ரோட்டில் குதித்தார். வெயில் கண்ணில் அடித்தது. எதிர்ப்பக்கம் போகிற ஒரு ஆட்டோவைப் பார்த்துக் கையை ஆட்டினார், போன் காதிலேயே இருந்தது. அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது, வாய் வரைக்கும் வந்தது, முப்பது வருஷமாகக் கரும்பலகையில் எழுதி அழித்த அதே வார்த்தை. அது இங்கே போதாது என்று தெரிந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தேடினார். தேடியதில் ஒரு கேள்விதான் கிடைத்தது. காலையில் கேட்டதே அதுதானே என்று தோன்றியது, இல்லை, காலையில் கேட்டது இதில்லை.

"வலிக்குதா ரெஜினா?"

நம்பர் கூப்பிடுகிறவர்கள்கூட நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் வலியென்று எதையும் ஒத்துக்கொண்டதில்லை.

"வலிக்குதுங்க" என்றாள். "ரொம்ப."

ஆட்டோ வந்து நின்றது. அவர் ஏறிக்கொண்டார். எங்கே போகணும் என்று டிரைவர் திரும்பிப் பார்த்தபோது, எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, கைக்கும் வருகிறதா, படுத்தால் தேவலையா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சொல்லத் தெரியாமல் தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.